பூங்காவுக்குள் இறங்கி நடந்த தவராசா அண்ணை

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது சிங்கத்தைப் பற்றித்தான். சிங்கம் ஜீப்புக்குக் கிட்ட வந்தால் என்ன செய்வது, யானை வழியை மறித்தால் என்ன செய்வது. இதற்கெல்லாம் பதில் சொல்ல அங்கே சாரதிகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்கிறபடி நடந்தால் போதும். ஒஸ்லோவிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற நீங்கள் கவனிக்க வேண்டியது ஜீப்புக்குள் இருப்பவர்களை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் பயண நிறுவனத்தில் கேட்டார்கள். சொல்ல நிறைய இருக்கிறது. அதில் பாதி உங்களுக்கும் நடக்கும், அப்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள். நான் ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தான்சானியாவின் வடக்கில் உள்ள ஒரு தேசியப் பூங்காவில் நடந்தது. பூங்காவின் பெயர் வேண்டாம். அன்று அங்கே நின்ற காவலர்கள் இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பெரிய கூட்டத்தோடு போவதைவிட, ஒரு குடும்பத்தோடு தனி ஜீப்பில் போகிற ஒருநாள் சஃபாரி சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விரும்பிய இடத்தில் நிற்கலாம், விரும்பிய நேரம் திரும்பலாம். ஆனால் கூட்டத்தில் ஆட்கள் தங்களைக் கொஞ்சம் அடக்கி வைத்திருப்பார்கள். பக்கத்தில் அறியாத ஆள் இருக்கிறாரே என்ற நினைப்பு அது. தனி ஜீப்பில் அந்த நினைப்பு இல்லை. ஒரு குடும்பம் ஏறினால் அவர்களுடைய வீடும் சேர்ந்து ஏறிவிடும். யார் யாரோடு கதைப்பதில்லை, எதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை என்பதும் கூடவே வரும்.

இந்தக் குடும்பம் ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் இருந்தது. தவராசா அண்ணை தெபானே என்கிற சுரங்க ரயிலின் சாரதி. வெஸ்ட்லியிலிருந்து நகரத்துக்கு ஓடுகிற ஐந்தாம் இலக்க ரயிலை நெடுங்காலமாக ஓட்டுகிறவர். மனைவி மலருக்குப் பார்னஹாகே என்கிற பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. ஒரே மகள் அபிராமி நோர்வேயில் பிறந்தவள். பொறியியல் முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் கொடுத்த பரிசுதான் இந்தப் பயணம். அவர் வேலை முடிந்து வந்தால் தொலைக்காட்சியில் மிருகங்களைப் பற்றிய நிகழ்ச்சிகளைத்தான் பார்ப்பாராம். சனக்கூட்டமும் சத்தமும் பிடிக்காதாம். அதனால் தனி ஜீப் வேண்டும் என்று அபிராமி கேட்டாள்.

பயணத்துக்கு முன்னர் குடும்பத்தைப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், தொலைபேசியில் முடிக்க வேண்டாம். அன்றும் போனேன். தேத்தண்ணி தந்தார்கள். சீனி வருத்தம், பிரஷர், என்னென்ன குளிசை என்று கேட்டுக்கொண்டேன்.

"வேறை ஏதும் நான் தெரிஞ்சிருக்க வேணுமோ?" என்றேன்.

மலர் கணவனைப் பார்த்தார். தவராசா அண்ணை தேத்தண்ணியைப் பார்த்தார்.

"வேறை ஒண்டும் இல்லை," என்றாள் அபிராமி. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

பூங்காவுக்குப் போன அன்று காலை எல்லாம் நன்றாகவே நடந்தது. எங்கள் சாரதி யோசெப். அந்தப் பக்கத்து ஆள். மெதுவாகக் கதைப்பார், அதைவிட மெதுவாக ஓட்டுவார். நான் அவருக்குப் பக்கத்தில் முன் இருக்கையில் இருந்தேன். எனக்குப் பின்னால் இடதுபக்க யன்னலோரம் தவராசா அண்ணை, நடுவில் மலர், மற்ற யன்னலோரம் அபிராமி. தவராசா அண்ணை இவ்வளவு கதைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஒட்டகச்சிவிங்கி ஓடேக்கை பாத்தியளே? அவசரமே இல்லாமல் ஓடுது," என்றார். பெருத்த அடிமரத்தோடு நின்ற ஒரு மரத்தைக் காட்டி, "இது பெருக்கமரம். மன்னாரிலையும் நிக்குது," என்றார். அபிராமி மிருகங்களை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மதியமளவில் ஒரு காய்ந்த ஆற்றங்கரைக்கு வந்தோம். பாதையின் இடதுபக்கம் ஒரு வெட்டை வெளி. அதற்கு அப்பால் ஆளுயரப் புல். பாதையில் பூங்காக் காவலர்களின் வாகனம் குறுக்கே நின்றது. காவலர்கள் இரண்டு பேர், பச்சைச் சீருடை, தோளில் துவக்கு. கையைக் காட்டி மறித்தார்கள்.

காரணம் சாதாரணமானது. அந்தப் புல்லுக்குள் ஒரு பெண் சிங்கம் தன் குட்டிகளோடும், காலையில் பிடித்த வரிக்குதிரையோடும் கிடந்தது. வாகனங்கள் போய் அதைக் குழப்ப வேண்டாம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூத்த காவலர் யோசெப்பின் பக்கம் வந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இளையவர் இடதுபக்கம் வந்தார். தவராசா அண்ணையின் யன்னல் திறந்திருந்தது. கண்ணாடியை உயர்த்துங்கள் என்று காட்டுவதற்காகக் குனிந்து, கதவில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். குனிந்தபோது துவக்கின் குழல் யன்னலுக்கு நேரே வந்துவிட்டது.

கதவு திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். தவராசா அண்ணை கீழே இறங்கிவிட்டார். இரண்டு கைகளையும் பிடரியில் வைத்துக்கொண்டார். காவலருடைய முகத்தைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. காவலரைத் தாண்டிப் போய் வெட்டையில் இறங்கி, புல்லிருந்த பக்கமாக நடக்கத் தொடங்கினார். ஓடவில்லை. போகச் சொல்லி உத்தரவு கிடைத்த ஆள் நடப்பதுபோல நடந்தார்.

பயண வழிகாட்டிகளுக்கான பயிற்சியில், வாகனத்தைவிட்டு ஆட்கள் இறங்கினால் என்ன செய்வது என்று சொல்லித்தந்திருக்கிறார்கள். இறங்குகிறவர் படமெடுக்க இறங்குவார், குடித்துவிட்டு இறங்குவார், அவசரத்துக்கு இறங்குவார் என்று நினைத்துச் சொல்லித்தந்தவை அவை. காவலர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இளையவர் உரத்துக் கத்தினார். தோளிலிருந்த துவக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போக வெளிக்கிட்டார். அவரைப் பிடித்துக்கொண்டு வர, சிங்கம் வந்தால் தடுக்க. அவருடைய கடமை அது.

எனக்கு அந்த நடை எதுவென்று விளங்கியது. சண்டைக்கால இலங்கையில் இருந்த என் வயதுக்காரர் அநேகருக்கு விளங்கும். ஆனால் அங்கே யோசெப்புக்கு விளங்காது, காவலர்களுக்கு விளங்காது, அபிராமிக்கும் விளங்காது.

"அந்த இளையவரைப் பின்னால் போகவேண்டாம் என்று சொல்லுங்கள்," என்று யோசெப்பிடம் சொன்னேன். "துவக்குகளை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். இவர் கண்ணில் படக்கூடாது."

யோசெப் சொன்னார். இளையவர் நின்றார், ஆனால் துவக்கை இறக்கவில்லை. மூத்தவர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்.

"புல்லுக்குள் சிங்கம் இருக்கிறது. துவக்கில்லாமல் நான் என்ன செய்ய? கையால் விரட்டவா? அவருக்கு ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியது நான்."

அவர் சொன்னது சரி. இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நெருக்கடியில் எதிரே நிற்கிறவர் மடையராக இருந்தால் வேலை சுலபம். அநேகமாக அவர் மடையர் இல்லை. அவர் சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி, இரண்டையும் வைத்துக்கொண்டு உடனே ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

"அவர் சிங்கத்தைக் காணவில்லை," என்றேன். "உங்களைத்தான் காண்கிறார். உங்களை எங்கள் நாட்டு ஆமிக்காரர் என்று நினைக்கிறார். பின்னால் போனால் ஓடுவார்."

எந்தப் பக்கம் ஓடுவார் என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. மூத்தவர் புல்லைப் பார்த்தார். பிறகு இளையவரிடம் ஏதோ சொன்னார். இளையவர் தங்கள் வாகனத்துக்குப் பின்னால் போய் மறைந்து நின்றார். மூத்தவர் உள்ளே ஏறி, துவக்கை யன்னலுக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டு, புல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். அதாவது துவக்கு அங்கேயே இருந்தது, தெரியவில்லை, அவ்வளவுதான். அது எனக்கும் நிம்மதியாக இருந்தது. துவக்கே இல்லாமல் அந்த வெட்டையில் நிற்க எனக்கும் துணிவு இருந்திருக்காது.

"ஜீப்பைக் கொண்டுபோய் அவருக்கும் புல்லுக்கும் நடுவில் விட முடியுமா?" என்று யோசெப்பிடம் கேட்டேன்.

"பாதையைவிட்டு இறங்கினால் என் அனுமதிப் பத்திரம் போய்விடும்," என்றார். சொல்லிக்கொண்டே மூத்த காவலரைப் பார்த்தார். அவர் உள்ளே இருந்தபடி கையை அசைத்து, போ என்றார்.

இதற்குள் அபிராமி தன் பக்கக் கதவின் பிடியில் கையை வைத்துவிட்டாள். மலர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அபிராமி நோர்வேஜிய மொழியில் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். மலர் பிடியை விடவில்லை. தவராசா அண்ணை இறங்கிய கதவு திறந்தபடியே இருந்தது. அதை மூடவேண்டாம் என்றேன்.

யோசெப் ஒரு பெரிய வளைவாக, மாடு மேய்க்கிறவர் நடக்கிற வேகத்தில், வெட்டையைச் சுற்றி ஓட்டினார். புல்லுக்கும் அவருக்கும் நடுவில் ஜீப் வந்தது. திறந்த கதவு அவருடைய பக்கம் இருக்கும்படி நிறுத்தினார். இப்போது அவர் எங்களை நோக்கித்தான் நடந்து வந்தார், ஆனால் எங்களைக் காணவில்லை. கண் நிலத்தில் இருந்தது. ஜீப்பின் நிழலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டார். பிறகு முழங்காலில் இருந்தார். கைகள் பிடரியிலேயே இருந்தன.

எங்களுக்குப் பின்னால் புல் அசைந்ததா, காற்றா என்று எனக்குத் தெரியவில்லை. யோசெப் மட்டும் கண்ணாடியில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்று அபிராமி கூப்பிட்டாள். அவர் அசையவில்லை.

நான் யன்னலால் குனிந்து, "தவராசா அண்ணை, இது நான். தவராசா அண்ணை, ஜீப்பிலை ஏறுங்கோ," என்றேன். பெயரைக் கேட்டதும் அவருடைய தோள்கள் இன்னும் ஒடுங்கின. தலை இன்னும் கீழே போனது.

"பேர் சொல்லாதேங்கோ," என்றார் மலர். அவ்வளவு நேரத்தில் அவர் கதைத்தது அதுதான் முதல் தடவை. "அவங்களும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டவங்கள்."

எனக்கு அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு இடம் வரும். பொறுப்பான ஆள் நீங்கள், எல்லோரும் உங்களைப் பார்க்கிறார்கள், ஆனால் உங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்போல இருக்கும். சொல்லாதீர்கள். யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

"நீங்கள் கூப்பிடுங்கோ," என்று மலரிடம் சொன்னேன். "நாங்கள் ஒருத்தரும் கதைக்க மாட்டம்."

மலர் மகளின் கையை விட்டார். காலடியில் இருந்த பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தார். மூடியைத் திருகி, அதற்குள் தேத்தண்ணியை வார்த்தார். அவசரப்படவில்லை. கதவோரம் நகர்ந்து வந்து, இறங்காமல், கோப்பையை வெளியே நீட்டினார்.

"இஞ்சேருங்கோ," என்றார்.

உங்களில் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் "என்னங்க" என்பதுபோல, எங்கள் பெண்கள் கணவனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற சொல் அது. இப்போது இளையவர்கள் கேலிசெய்வதும் உண்டு.

"இஞ்சேருங்கோ. தேத்தண்ணி ஆறுது."

அம்மருட்டில், சமையலறையிலிருந்து வரவேற்பறைக்குச் சொல்கிற குரலில் சொன்னார். கெஞ்சவில்லை. ஒரு தரம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கோப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. பிறகு இன்னொரு தரம், கொஞ்சம் அலுப்போடு, "ஆறுதெல்லே," என்றார்.

தவராசா அண்ணை தலையை நிமிர்த்தினார். முதலில் கோப்பையைப் பார்த்தார். பிறகு மலரைப் பார்த்தார். ஒரு கை பிடரியிலிருந்து இறங்கியது. அதற்குப் பிறகு மற்றது. எழும்பி, காற்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வந்து ஜீப்பில் ஏறினார். மலர் கோப்பையைக் கொடுத்துவிட்டு, அவருக்குக் குறுக்கே கையை நீட்டிக் கதவைச் சத்தமில்லாமல் மூடினார்.

யோசெப் உடனே வாகனத்தை எடுத்தார். பாதையில் ஏறும்போது மூத்த காவலர் யன்னலால் யோசெப்பிடம் ஏதோ சொன்னார். குரலில் கோபம் இருந்தது. என்னவென்று கேட்டேன். "நான் அந்த மனிதரைக் காப்பாற்றத்தான் போனேன், அதை அவரிடம் சொல் என்கிறார்," என்றார் யோசெப். நான் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

"ஓம்," என்றார் தவராசா அண்ணை. "இப்ப விளங்குது."

ஆட்கள் இறங்கி நிற்க அனுமதியுள்ள ஒரு வெளியில் யோசெப் நிறுத்தினார். அபிராமி இறங்கவில்லை. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அம்மாவிடம் திரும்பினாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் பெரிய ஆள் அம்மா. எனக்குத் தெரிஞ்சிருந்தால் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டன்."

"என்னத்தைச் சொல்லுறது? அவர் எனக்கே முழுக்கச் சொன்னதில்லை," என்றார் மலர்.

அபிராமி என்னைப் பார்த்தாள். "அன்ரி, நேரை ஒரு டொக்டரிட்டைப் போவம். இவருக்கு இதுக்குமேலை ஏலாது. இனி ஒண்டும் பாக்கத் தேவையில்லை."

அவள் சொன்னதில் பிழை இல்லை. பிள்ளையின் பயம் அது. ஆனால் அப்பா பக்கத்திலேயே இருந்தார். பயந்துபோன ஒருவரைப் பற்றி அவருக்கு முன்னாலேயே மற்றவர்கள் முடிவெடுக்கத் தொடங்கினால், அதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். நாங்கள் அழைத்துப் போகிறவர் நோயாளியாகவும் இருக்கலாம், ஆனால் வளர்ந்த மனிதர். அத்தோடு இன்னொரு விஷயம் இருந்தது. எங்கே போவதென்றாலும் பூங்காவைவிட்டு வெளியே போக வேண்டும். வாசலில் காவலர்கள் நிற்பார்கள். அவர்களிடமும் துவக்கு இருக்கும். இதை அவரிடம் மறைத்து அழைத்துப் போவது என்னால் ஏலாத காரியம்.

நான் இறங்கி, அவருடைய யன்னலுக்கு நேரே போய் நின்று, பெயர் சொல்லாமல் கேட்டேன்.

"அண்ணை, வாசலிலையும் துவக்கோடை நிப்பினம். ஜீப்புக்குள்ளை பாப்பினம். என்ன செய்வம்? யோசெப் முதலே போன் அடிச்சுச் சொன்னால் துவக்கை உள்ளை வைச்சிருப்பினம்."

கோப்பை இன்னும் கையில் இருந்தது.

"வேண்டாம். அவை தங்கடை வேலையைச் செய்யட்டும்," என்றார். "எந்தப் பக்கத்தாலை வருவினம் எண்டு மட்டும் முதலே சொல்லுங்கோ. பாத்துக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. இது பாக்காமல் இருக்கேக்கை தட்டினதாலை வந்தது."

"அப்ப இப்பவே போவமோ?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆனையை இன்னும் காணேல்லையே," என்றார்.

நெஞ்சு நோகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். குளிசை போட்டாரா என்று மலரிடம் கேட்டேன். விடுதிக்கு ஒரு வைத்தியரை வரச்சொல்லி அங்கிருந்தே ஒழுங்கு செய்தேன். அதற்குப் பிறகு யானை பார்க்கப் போனோம். இதைச் சரியென்று நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிறுவனத்திலும் பிறகு என்னைக் கேட்டார்கள், ஏன் உடனே திரும்பவில்லை என்று. அவர் போவோம் என்று சொன்னார், அதனால் போனோம் என்றேன். இப்போது கேட்டாலும் வேறு பதில் இல்லை. அந்த நாளுக்கு அவருடைய மனதில் ஒரு முடிவு இருக்க வேண்டும். அது அந்த வெட்டையாக இருக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது.

யானைகள் ஆற்றின் கீழ்ப்பக்கம் நின்றன. மணலைத் தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தன. யாரும் படமெடுக்கவில்லை. நெடுநேரம் நின்று பார்த்தோம்.

வாசலுக்குக் கிட்ட வந்ததும் யோசெப் வேகத்தைக் குறைத்தார். "இடதுபக்கத்தாலை வருவார்," என்று நான் சொன்னேன். அபிராமி அப்பாவோடு இடம் மாற எழும்பினாள்.

"இரு," என்றார் தவராசா அண்ணை. அவரே கண்ணாடியை இறக்கினார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, வாசல் காவலர் தன் கொட்டிலிலிருந்து வெளிக்கிட்டு வந்து சேரும்வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காவலர் உள்ளே எட்டிப் பார்த்து ஏதாவது மிருகம் கண்டீர்களா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். தவராசா அண்ணை ஆங்கிலத்தில், "யானை," என்றார். காவலர் தலையாட்டி, பாதையை மறித்திருந்த தடியை உயர்த்தினார்.

வெளியே தார் வீதிக்கு வந்தோம். பிறகு பின் இருக்கையில் தவராசா அண்ணை நோர்வேஜிய மொழியில் மகளுடைய பெயரைச் சொல்லி ஏதோ தொடங்கினார். வீட்டில் அவர்கள் தமிழில்தான் கதைப்பார்கள். அவளுக்கு ஒரு சொல்லும் தவறக்கூடாது என்று நினைத்தாரோ, அதைத் தமிழில் சொல்ல அவரால் முடியவில்லையோ, தெரியாது. தனக்கு அப்போது இருபத்தொரு வயது என்று ஆரம்பித்தார்.

அவர்கள் மூன்று பேர் பின்னால் இருந்தார்கள். முன்னால் நாங்கள் இரண்டு பேர். யோசெப்புக்கு அந்த மொழி தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் யோசெப்பின் பக்கம் நன்றாகத் திரும்பி, இங்கே மழை எப்போது தொடங்கும் என்று சத்தமாகக் கேட்டேன். நான் அங்கே எத்தனையோ மழைக்காலம் வந்து போனவள் என்பது அவருக்குத் தெரியும். அவர் கண்ணாடியில் ஒரு தரம் பின்னால் பார்த்தார். பிறகு சின்ன மழையில் தொடங்கி, பெரிய மழை, சோளம் விதைக்கிற காலம், வெள்ளம் வந்தால் எந்தெந்தப் பாலம் மூழ்கும் என்று, விடுதி வாசலில் வாகனத்தை நிறுத்தும்வரைக்கும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.